கிராஃபைட் சோடியத்தை ஏற்காதது ஏன்?

சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் சேமிக்கச் சோடியம் அயனி மின்கலங்களை ஆராய்பவர்கள் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், லித்தியம் மின்கலங்களில் எதிர்மின்வாயாக நன்கு உழைக்கும் கிராஃபைட் (அடுக்கடுக்காக அமைந்த கார்பன்), வழக்கமான கார்பனேட் மின்பகுளிகளில், அதாவது அயனிகள் நகரும் கரைசல்களில், சோடியத்தை ஏறக்குறைய ஏற்பதே இல்லை என்பதுதான். லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம், ஆகவே பருமனே காரணம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்கு நிறைவளித்ததில்லை. 1.38 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள பொட்டாசியம் அதே அடுக்குகளுக்குள் புகுந்து, எட்டுக் கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நிலையாக அமர்கிறதே! சோடியத்துக்கும் கார்பன் அடுக்குக்கும் இடையிலான பிணைப்பு வலுவற்றது. அடுக்குகளை விலக்கச் செலவாகும் ஆற்றலை அது ஈடுகட்டாததால், உள்ளே புகுவதைவிட உலோகமாகப் படிவதே சோடியத்துக்கு எளிதாகிறது. டைகிளைம் போன்ற ஈதர் கரைப்பான்களில் மட்டும், கரைப்பான் மூலக்கூறுகளையும் உடன் அழைத்துக்கொண்டு அது நுழைந்துவிடுகிறது (இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த முரண் இது). ஆனால் அவ்வாறு கிடைக்கும் கொள்ளளவு குறைவு.

எனவேதான் அடுக்கொழுங்கு குலைந்த கடினக் கார்பன் எதிர்மின்வாயாகிறது. அதன் நுண்துளைகளில் சோடியம் சேரும் மின்னழுத்தம், உலோகம் படியும் மின்னழுத்தத்துக்கு மிக அருகில் இருப்பதால், விரைவாக மின்னேற்றும்போது உலோகம் படிந்துவிடும் இடர் நீடிக்கிறது. சோடியம் அலுமினியத்துடன் உலோகக்கலவை ஆகாததால், எதிர்மின்வாயில் மின்னோட்டத்தைத் திரட்ட, லித்தியம் மின்கலங்களில் உள்ள விலை மிகுந்த தாமிரத் தகட்டுக்குப் பதிலாக அலுமினியத் தகட்டையே இங்குப் பயன்படுத்தலாம்.