எரிகல் மலையடியில் இரண்டு மின்நிலையங்கள்

லெட்டர்கென்னியிலிருந்து மேற்கே செல்லும் சாலை, 751 மீட்டர் உயரமுள்ள எரிகல் மலையைச் சுற்றித் திரும்பியதும் டன்லூயி ஏரியும் அதையடுத்து நாகுங் ஏரியும் கீழே தென்படுகின்றன. அயர்லாந்தின் வடமேற்கில், டொனகால் மாவட்டத்தைச் சேர்ந்த குவீடோர் இது. ஐரிஷ் மொழி இன்றும் வீட்டிலும் கடையிலும் புழங்கும் வட்டாரம். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையேற வருகிறார்கள். நான் கிளாடி ஆற்றின் நீர்மின் நிலையத்தைப் பார்க்கப் போனேன்.

ஏரிகளில் தேக்கிய நீரை ஆற்றிலிருந்து விலக்கி, கால்வாயிலும் குழாயிலும் கொண்டுவந்து, கடலோரத்துக்கு அருகே ஒரு சுழலியின் மேல் விடுகிறார்கள். 1959-இல் இயங்கத் தொடங்கிய இதன் திறன் 4.2 மெகாவாட் மட்டுமே. 1929-இல் ஷானன் ஆற்றில் எழுந்த ஆர்ட்னக்ரஷா நிலையத்தின் 85 மெகாவாட்டோடு ஒப்பிட்டால் இது சிறுபிள்ளை. கால்வாய்க் கரையில் நின்று பார்த்தபோது நீர் கலங்கலாக இல்லை, ஆனால் கடுங்காப்பியின் நிறத்தில் இருந்தது. சுற்றியுள்ள சதுப்பு நிலத்தின் சாறு அதில் இறங்கியிருக்கிறது. நீர்மட்டம் திடீரென உயரும் என்று எச்சரிக்கும் பலகையைத் தவிர, அங்கே ஒரு நிலையம் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் ஏதுமில்லை. ஆளும் இல்லை, இத்தகைய சிறு நிலையங்களைத் தொலைவிலிருந்தே இயக்கிவிடலாம்.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு மின்நிலையமும் இருந்தது என்பதை அறிந்த பிறகுதான் கிளாடியின் கதை எனக்குப் பிடிபட்டது. 1950-களின் பிற்பகுதியில் மேற்குக் கடற்கரையோரத்தில், பீட் எனப்படும் முற்றா நிலக்கரியை எரிக்கும் 5 மெகாவாட் நிலையங்கள் நான்கு கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று நாகுங் ஏரிக்கரையிலும், மற்றொன்று கானமாராவின் ஐரிஷ் பேசும் பகுதியான ஸ்க்ரீபிலும் அமைந்தன. சிக்கனம் பார்த்து எடுத்த முடிவு அல்ல அது. சிறு விவசாயக் குடும்பங்கள் மண்வெட்டியால் வெட்டி, வெயிலில் காயவைத்து விற்ற பீட் கட்டிகளே எரிபொருள் என்பதால், மின்கட்டணத்தில் ஒரு பங்கு அந்த வீடுகளுக்கே திரும்பிவந்தது. வேலை தேடி ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறிப் பழகிய ஊருக்கு அது சிறிய காசு அல்ல. பிழைப்பு இருந்தால்தான் இளைஞர்கள் தங்குவார்கள், அவர்கள் தங்கினால்தான் மொழியும் தங்கும் என்ற கணக்கை, தொழில்கள் கொண்டுவருவதற்கென்று அரசு ஏற்படுத்திய கேல்டாரா ஏரன் நிறுவனமும் அதே காலத்தில்தான் போடத் தொடங்கியது.

பீட் நிலையம் 1990-களில் மூடப்பட்டது. எரிகலின் படங்களில் மலைக்குப் போட்டியாக நின்ற அதன் குளிர்விப்புக் கோபுரம் இன்று இல்லை. நீருக்குக் கூலி கிடையாது என்பதால் கிளாடி பிழைத்துக்கொண்டது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் அடுப்பெரிய உதவியது எது என்று கேட்டால், புகை கக்கிய அந்தப் பழைய நிலையம்தான் என்பேன். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கோபித்துக்கொள்ளலாம், சதுப்பு நிலத்தை வெட்டி எரிப்பதை நானும் ஆதரிக்கவில்லை. கிளாடியையும் குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. சால்மன் மீன் ஏறிவரும் ஆறு அது, அரிதாகிவிட்ட நன்னீர் முத்துச்சிப்பிகள் வாழும் ஆறும்கூட. கால்வாயில் திருப்பிய நீர் போக ஆற்றுக்கு எவ்வளவு விடுவது என்ற கேள்வி அங்கே எப்போதும் உயிரோடு இருக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்கள் குளிர்கால மழைக்குப் பிறகு போவது நல்லது. மலையேறுவோர் குவியும் கோடையில் ஏரிகளுக்கு நீர்வரத்து குறைந்துவிடும்; கட்டடத்தையும் வேலியையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.