70 டிகிரியில் இனோசிட்டால்

குழந்தைகளுக்கான பால்மாவிலும் எனர்ஜி ட்ரிங்கிலும் கால்நடைத் தீவனத்திலும் சேர்க்கிற, சர்க்கரை போன்ற சத்துப்பொருளான இனோசிட்டாலை, தவிட்டிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் ஃபைட்டேட்டை (ஃபாஸ்பேட் ஒட்டிய இனோசிட்டாலை) அழுத்தத்தில் வேகவைத்து எடுப்பதுதான் பழைய வழி. ஃபாஸ்பேட் கழிவு ஏராளமாக வரும். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் புதிய வழியில் உயிருள்ள செல்லே கிடையாது; ஒரே பாத்திரத்தில் நான்கு நொதிகள். சீனாவின் தியான்ஜின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இதை 20,000 லிட்டர் கலன் வரை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

முதல் நொதியான பாஸ்ஃபோரிலேஸ், ஃபாஸ்பேட்டைக் கொண்டு மாவுச்சங்கிலியின் நுனியிலிருந்து குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டாக ஒவ்வொன்றாகக் கழற்றும். மியூட்டேஸ் அதை 6-பாஸ்பேட்டாக்கும். சிந்தேஸ் வளையமாக மூடும். கடைசி நொதி ஃபாஸ்பேட்டை வெட்டிவிடும். அது மறுபடி முதல் நொதிக்கே போய்ச் சேரும். அதனால்தான் 10 மில்லிமோலார் அளவு ஃபாஸ்பேட்டே போதுமானதாக இருக்கிறது. கூடுதலாக இருந்தால் நல்லது என்று ஊற்றினால், சூட்டில் மக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். நொதிக்கு வேண்டிய மக்னீசியமும் அதோடு அடியில் போய்விடும்.

நான்கும் கொதிநீர் ஊற்று, கடலடி வெந்நீர் போன்ற இடங்களில் வாழும் நுண்ணுயிர்களின் நொதிகள். அவற்றை ஈ. கோலை பாக்டீரியாவில் வளர்த்து, செல்லை உடைத்து, 70 முதல் 80 டிகிரியில் 20 - 30 நிமிடம் வைத்தால் ஈ. கோலையின் சொந்தப் புரதங்கள் திரிந்த பால்போலக் கட்டியாகிவிடும். சென்ட்ரிஃப்யூஜில் போட்டு மேல் தெளிவை எடுத்தால் நொதி தயார். லைசேட் (செல்லை உடைத்த கரைசல்) கெட்டியாக இருந்தால் நமக்கு வேண்டிய நொதியும் கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். மகசூல் குறைந்தால் முதலில் இரண்டு மடங்கு நீர்த்துப் பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது பஃபர், அதாவது பிஎச்சை நிலையாக வைக்கச் சேர்க்கும் பொருள். டிரிஸ் என்ற பஃபர், சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.028 பிஎச் இறங்கும். 25 டிகிரியில் பிஎச் 7.5 என்று சரிசெய்த கரைசல் 70 டிகிரியில் 6.2 பக்கம் நிற்கும். ஹெப்பஸ் என்ற இன்னொரு பஃபர் அதில் பாதிதான் இறங்கும். 'நொதி செத்துவிட்டது' என்று தூக்கி எறியப்படும் தொகுதிகளில் பல இப்படிப்பட்டவையே என்பது எங்கள் எண்ணம். சூட்டிலேயே பிஎச் பாருங்கள். சின்னக் குழாயில் ஓட்டினால் நீர் மூடியில் போய் ஒட்டிக்கொண்டு கரைசல் செறிந்துவிடும். மூடியும் சூடாகும் கருவியில் வையுங்கள். இல்லையென்றால் நொதி பிரமாதமாக வேலை செய்வதாகத் தோன்றும்.

மாவை முன்கூட்டியே ஆல்ஃபா அமைலேஸால் இளக்கிக்கொள்ளலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம். அது விட்டுச்செல்லும் மால்டோஸையும் மற்ற குட்டைத் துண்டுகளையும் பாஸ்ஃபோரிலேஸ் தொடாது. கிளைகளை மட்டும் வெட்டும் ஐசோஅமைலேஸ்தான் சரி. அதற்கு பிஎச் 5.5 பக்கம் அமிலத்தன்மை பிடிக்கும் என்பதால் தனியாக முடித்துவிட்டு, பிறகு 7க்கு ஏற்ற வேண்டும். எஞ்சும் குட்டைச் சங்கிலிகளை மறுபடி நீளமாக்க 4-குளுக்கனோடிரான்ஸ்ஃபெரேஸ் உதவும். வேகம் குறைந்த சிந்தேஸைத்தான் தாராளமாகப் போட வேண்டும்.

விளைச்சல் கணக்கில் கவனம் வேண்டும். 162 கிராம் மாவுச்சத்து ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு 180 கிராம் இனோசிட்டாலாகிறது. ஆக 100 கிராமுக்கு உச்சம் 111. தியான்ஜின் குழு சொன்ன 98.9 சதவீதம் எடைக்கு எடை. மோல் கணக்கில் அது சுமார் 89. கடையில் வாங்கும் மாவில் 12 சதவீதம் ஈரம் இருக்கும். அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் நல்ல தொகுதியும் மோசமாகத் தெரியும்.

கடைசியில் வடித்து, செறித்து, ஆறவிட்டால் படிகம் இறங்கும். எத்தனால் ஊற்றினால் இன்னும் வேகமாக. 50 டிகிரிக்குக் கீழே தண்ணீரிலிருந்து வருவது இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சுமந்த படிகம். உலர்த்தாமல் எடைபோட்டால் 100 கிராம் இனோசிட்டால் தராசில் 120 காட்டும்.