தூக்காதே, பந்து தானே எழும்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டிசம்பர் மாதம் மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும். வந்த முதல் குளிர்காலம் வேலை, வீடு என்றே கழிந்தது. ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் "வர்றியா?" என்று கோல்ஃப் ஆடக் கூப்பிட்டார். நம் ஊரில் கோல்ஃப் என்றாலே பணக்காரர் விளையாட்டு. ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை, மாநகராட்சி மைதானங்களே உண்டு. டே ஆற்றுக்கு அந்தப் பக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான ஓல்ட் கோர்ஸும் பொது நிலம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அங்கே ஆட்டம் கிடையாது, யாரும் நடந்து வரலாம்.

நான் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவன். சிக்ஸர் அடிக்கிற பழக்கத்தில் பின்னங்காலில் சாய்ந்து பந்தைத் தூக்கப் பார்த்தேன். கிளப், அதாவது கோல்ஃப் மட்டை, பந்துக்கு முன்பே மண்ணில் இறங்கியது. இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு, அது தரையோடு உருண்டது. ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் விண்ணென்று தெறித்தன.

"தூக்காதே" என்றார் பெரியவர். கையில் இருந்த 7-ஆம் நம்பர் அயர்ன் என்ற கிளப்பில், பந்தில் படும் முகம் ஏற்கெனவே சாய்வாகத்தான் இருக்கிறது, தூக்குவது அதன் வேலை. நம் வேலை, உடல் எடையை முன்காலுக்குக் கொண்டுபோய், கைகள் பந்தைத் தாண்டியபடி இருக்க, கீழ்நோக்கி அடிப்பது.

பந்தை எடுத்துவிட்டு, புல்லில் வெள்ளைப் பவுடரால் ஒரு கோடு போட்டார். எனக்கு அம்மாவின் கோலப்பொடி நினைவு வந்தது. கோட்டுக்கு நேராக நின்று வீச வேண்டும். புல் கோட்டைத் தாண்டித்தான் பெயர வேண்டும். எனக்கோ ஒரு சாண் முன்பே பெயர்ந்தது. இருபது முப்பது தடவை வீசிய பிறகுதான் கோட்டைத் தொட்டேன்.

தலையை நிமிர்த்தாதே என்று பலரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் தலை அல்ல, இடுப்புதான் கோளாறு. கிளப் இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கித் தள்ளினால் முதுகு தானாக நிமிரும், கிளப் மேலே ஏறிவிடும். இடுப்பைப் பின்னாலேயே வைத்துத் திருப்பினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் பந்தை வைத்தார். அடித்தேன். கையில் அதிர்வே இல்லை. 'டக்' என்று சின்னச் சத்தம், பந்து வானத்தில் இருந்தது. பெரியவர் அதைப் பார்க்கவில்லை. பெயர்ந்து விழுந்த புல்துண்டை எடுத்து வந்து, குழியில் வைத்து, காலால் அழுத்தச் சொன்னார்.