பிரிட்டன்ஸ் படைவீரர்களின் சிவப்புப் பெட்டி

1893இல் உள்ளீடற்ற ஈயப் படைவீரர் பொம்மைகளை வார்க்கத் தொடங்கிய லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம், அவற்றைச் சிவப்புத் தாள் ஒட்டிய அட்டைப் பெட்டிகளில், பெரும்பாலும் காலாட்படை என்றால் எட்டு, குதிரைப்படை என்றால் ஐந்து என்ற கணக்கில், உள் அட்டையோடு நூலால் கட்டி விற்றது. மூடியில் ஒட்டப்பட்ட சீட்டுகளில் ஃப்ரெட் விஸ்டாக் வரைந்தவையே எனக்கு மிகவும் பிடித்தவை. படைப்பிரிவின் சின்னத்தையும் அது பங்கேற்ற போர்களின் பெயர்களையும் அவற்றுள் பலவற்றில் காணலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாட்டுப் படைகளுக்கும் பொதுவான ஒரு சீட்டு வந்தது. வசதிதான், ஆனால் அந்தக் களை இல்லை. நூல் அறுபடாத பெட்டிக்கு விலை கூடுதல் என்பதால், பழைய பொம்மைகளைப் புது நூலால் கட்டி விற்பவர்களும் உண்டு. வாங்குபவர் அட்டையின் துளைகளையும் நூலின் நிறத்தையும் நன்றாகப் பார்த்துவிட வேண்டும்.