நான்கு தூண்களில் நம்முடையது எது?

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி 15 மாலை 6.20க்கு சிங்கப்பூர் முழுக்க சைரன் ஒலிக்கும். 1942இல் பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்த நேரம் அது. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஏதோ தீயணைப்பு ஒத்திகை என்று நினைத்து, என் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள், பள்ளியில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். இந்த வருடம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அப்பா, ஜப்பான்காரன் காலத்துல நம்ம குடும்பத்துல யாரு செத்தாங்க?"

யாரும் இல்லை. என் தாத்தா அப்போது மன்னார்குடிப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் வாடியது, அவள் பக்கத்து இருக்கைச் சீனப் பையன் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறான் போல. சரி, நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானியர் காலத்தில் மாண்ட பொதுமக்களுக்காக எழுப்பிய பீச் ரோடு நினைவுச்சின்னத்துக்குக் கூட்டிப்போனேன்.

தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். 60 மீட்டருக்கு மேல் உயரமான நான்கு வெள்ளைத் தூண்கள், ஊர்க்காரர்கள் சாப்ஸ்டிக் என்றே சொல்வார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர்கள், இனத்துக்கு ஒன்று. அடியில் நான்கும் ஒட்டியிருக்கின்றன, மேலே போகப் போக வானத்தில் தனித்தனியாக நிற்கின்றன. நடுவில் ஒரு வெண்கலக் கலசம். நான்கு மொழிகளில் கல்வெட்டு, அதில் தமிழும் உண்டு, மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

இது எப்படி எழுந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும். 1962இல் சிக்லாப் பகுதியில் கூட்டம் கூட்டமாகப் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. சூக் சிங் என்று சொல்கிறார்களே, ஜப்பானியர் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கியெடுத்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றது, அதில் மாண்டவர்கள். எத்தனை பேர் என்பதில் சில ஆயிரத்திலிருந்து 50,000 வரை ஆளுக்கொரு கணக்கு. சீனர் வர்த்தகச் சபை அவர்களுக்காக ஒரு நினைவிடம் கேட்டது. அரசு நிலம் கொடுத்தது, ஆனால் அது எல்லா இனத்தாருக்குமாக இருக்கட்டும் என்றது. 1967 பிப்ரவரி 15 அன்று லீ குவான் யூ திறந்து வைத்தார். தோண்டியெடுத்த எலும்புகள் தாழிகளில் அதே இடத்துக்கு அடியில் இருக்கின்றன.

அந்த முடிவு பெரிய மனசு என்றே இன்றும் நினைக்கிறேன். தங்கள் பிணங்களுக்காகக் கேட்ட இடத்தை எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க ஒரு சமூகத்துக்கு நெஞ்சம் வேண்டும். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. தூண்கள் நான்கும் சமம், அவற்றுக்குப் பின்னால் நாம் சொல்லிக்கொடுக்கிற கதைகள் சமமாக இல்லை. சூக் சிங் பற்றி என் மகளுக்குத் தேதி, இடம் எல்லாம் தெரிகிறது. இந்தியர் தூணுக்கு என்ன கதை என்று கேட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, அதற்கு பள்ளியை மட்டும் சொல்லிப் பயனில்லை, எனக்கே சரியாகத் தெரியாதே.

அந்தக் கதை என் புளோக்கிலேயே, இரண்டு மாடி கீழே இருந்தது. 86 வயதுப் பாட்டி, ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இத்தனை வருடம் லிஃப்டில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா தம்பி" என்பதோடு சரி. நினைவுச்சின்னம் பார்த்துவிட்டு வந்த அன்று மகள் அவரிடம் போய்க் கேட்க, அவர் உட்காரவைத்துச் சொன்னார்: "எங்கப்பாவ சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. மூணு மாசந்தான்னு சொன்னான். வரவே இல்ல."

சயாம் மரண ரயில்பாதை. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் தமிழர்களை ஏற்றிப்போனார்கள், காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசை பிசகாமல், பெரும்பாலானவற்றில் பெயரோடு. நம் ஆட்களைக் காட்டில் கூட்டாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். மலேசியத் தமிழர்கள் முயன்று அங்கே ஒரு நடுகல் எழுப்பியது இப்போதுதான், சமீப வருடங்களில்.

பாட்டிக்கு அப்பா இறந்த நாள் தெரியாது. திதி தெரியாததால் அவர் அம்மா கடைசிவரை ஆடி அமாவாசையில்தான் கும்பிட்டாராம். அதிலும் முதல் சில வருடங்கள் கும்பிடவே இல்லை, வந்துவிடுவார் என்று காத்திருந்திருக்கிறார்.

தேசிய நினைவுச்சின்னம் இந்தக் காலத்துக்குத் தேவையா, பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள், இவர்களுக்கு அந்தப் போர் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கும்போது எனக்கு இப்போது இந்த வீடுதான் நினைவுக்கு வருகிறது. நாள் தெரியாத சாவுக்கு ஊரே ஒரு நாளைக் கொடுக்கிறது, உடல் கிடைக்காத ஆளுக்கு ஓர் இடத்தைக் கொடுக்கிறது. அந்த இடத்தில் என் குடும்பத்து ஆள் இல்லாவிட்டால் என்ன, பக்கத்து வீட்டு ஆள் இருக்கிறார். புதிதாக வந்தவனுக்கு இழவு வீட்டில் இடமில்லை என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லையே. அப்புறம், அங்கே போய் நின்றால் மட்டும் போதாது, யார் கதை விட்டுப்போயிற்று என்று நாமே தேடிக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும்.

பாட்டியை அடுத்த பிப்ரவரியில் சக்கர நாற்காலியில் அழைத்துப்போகிறோம். பீச் ரோட்டில் இருப்பது அவர் அப்பாவுக்கும்தான் என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லையாம். அப்பாவைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு ஞாபகம்: லாரி கிளம்பும்போது தூறல் போட்டது, அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இவர் தலையில் போட்டுவிட்டு ஏறிப்போனார். மகள் அதைத் தன் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டாள். துண்டு என்ன நிறம் என்று கேட்டாள். பாட்டி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஈரம்தான் தெரியும்மா" என்றார்.