நாலாம் குறுக்குத் தெருவில் மிச்சம் பிடித்த கதை

எங்கள் வீட்டில் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் மனைவி தொடங்கிய கணக்குக் கொப்பி. வரிசை போய்விட்டது, கொப்பி போகவில்லை. போன செப்டம்பரில் ஒரு நாள் இரவு அதை விரித்துவைத்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, கீழ்க் கடையில ஒவ்வொரு கிலோவா வாங்கி நாங்கள் எவ்வளவு காசை விடுறம் தெரியுமே?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னதுதான் நான் செய்த பிழை.

சனிக்கிழமை காலை, புறக்கோட்டை மொத்தக் கடைகளில் வாங்கி வரலாம் என்று வெள்ளவத்தையில் 100ஆம் நம்பர் பஸ் ஏறினேன். கையில் மடித்த உரப்பை இரண்டு, சட்டைப்பையில் அவள் எழுதிய துண்டு. சம்பா 25 கிலோ, மைசூர்ப் பருப்பு 10, பம்பாய் வெங்காயம் 10, செத்தல் மிளகாய் 2, நெத்தலிக் கருவாடு 1.

புறக்கோட்டையில் எந்தத் தெருவில் என்ன கிடைக்கும் என்பது கொழும்பில் பிறந்தவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். நகைக்குச் செட்டியார் தெரு, அரிசி பருப்பு வெங்காயத்துக்கு நாலாம் குறுக்குத் தெரு. ஆனால் அங்கே நிற்பதற்கு இடம் கிடையாது. லொறி ஒரு பக்கம், தள்ளுவண்டி மறு பக்கம், நடுவில் முதுகில் மூட்டையோடு நாட்டாமிமார் ஓட்டமும் நடையுமாக வருவார்கள், நாம்தான் சுவரோடு சுவராக ஒட்ட வேண்டும். கடைக்கார நானா என் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பத்து கிலோவா? கடைக்கா, வீட்டுக்கா?" என்றார். வீட்டுக்கு என்றேன். இரக்கமாகப் பார்த்தார்.

பருப்பு மூட்டையில் கனடா என்று அச்சடித்திருந்தது. பேர் மைசூர்ப் பருப்பு, வருவது கனடாவிலிருந்து. என் மச்சான் 11 வருடமாக அங்கேதான் இருக்கிறான், இந்த வருடம் வாறன், அடுத்த வருடம் வாறன் என்கிறான், பருப்பு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

இனிக் கணக்கு. அரிசியில் கிலோவுக்கு 20 ரூபா மிச்சம், அது 500. பருப்பில் 300, வெங்காயத்தில் 400, மிளகாயில் 300, நெத்தலியில் 300. மொத்தம் 1800 ரூபா. வெளியே மூட்டை தூக்கி வந்த நாட்டாமி அண்ணனுக்கு 400, வீடு வர ஆட்டோவுக்கு 950. காலுக்குக் கீழே அரிசி, மடியில் வெங்காயம், பக்கத்தில் நெத்தலி. ஆட்டோக்காரர் பம்பலப்பிட்டி தாண்டும்வரை தலையை வெளியே நீட்டியபடிதான் ஓட்டினார். வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று கடதாசி ஒட்டியிருக்கிறது. நாலாவது மாடி. படியேறும்போது வாட்ச்மேனின் பூனை மூன்றாம் மாடிவரை எனக்குத் துணையாக வந்தது.

அப்புறம்தான் மனைவிக்கு ஞாபகம் வந்தது, இத்தனையையும் போட்டுவைக்க வீட்டில் பாத்திரம் இல்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி இரண்டு, 1780 ரூபா. அப்படியென்றால் 1330 ரூபா நட்டம் அல்லவா என்று கேட்டேன். "வாளி செலவில்லை, அது சொத்து" என்று கொப்பியில் வேறு பக்கத்தில் எழுதி, இந்தப் பக்கத்தில் 450 ரூபா இலாபம் காட்டிவிட்டாள். புறக்கோட்டையில் நான் குடித்த ஃபலூடா இரண்டு பக்கத்திலும் இல்லை, அது எனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்தது.

வீட்டில் 10 கிலோ பருப்பு இருக்கிறதென்றால் மனம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. முன்பு ஒரு சுண்டு பருப்பை இரண்டு நேரத்துக்கு ஓட்டியவள் இப்போது அள்ளி அள்ளிப் போடுகிறாள். காலையில் பாணும் பருப்பும், மத்தியானம் சோறும் பருப்பும், இரவு இடியப்பமும் பருப்பும். மகள் ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். வெங்காயம் மூன்றாம் கிழமையே முளைக்கத் தொடங்கியது. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் உப்பே தண்ணீராகிறது, வெங்காயத்தைக் குறை சொல்லி என்ன பயன்.

ஐந்தாம் கிழமை அரிசி வாளியைத் திறந்தால் உள்ளே நடமாட்டம். வண்டு! வாளியை நான்தான் சரியாக மூடவில்லை என்று தீர்ப்பாயிற்று. உண்மையில் தாய் வண்டு அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து அடைத்துவிடும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து ஒரு மாதம் போல் கழித்து வண்டாக வெளியே வரும். ஆக, முட்டையும் மூட்டையோடு சேர்ந்துதான் வந்திருக்க வேண்டும். இதை விளக்கினேன். "அப்ப பார்த்து வாங்கியிருக்கலாமே" என்றாள். முட்டை அரிசிக்குள் இருக்கிறதம்மா!

சரி, மொட்டைமாடியில் பாயை விரித்து அரிசியைக் காயப்போட்டோம். மகள் குடையோடு காகத்துக்குக் காவல். அது ஒக்டோபர் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. இரண்டு மணிக்குத் தெஹிவளைப் பக்கம் இருண்டது, இரண்டே காலுக்குப் பெய்தது. லிஃப்ட் அன்றும் இல்லை. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மகள் குடையை அரிசிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்து நின்றாள். மூன்று கிலோ போல ஊறிப்போனது. அடுத்த நாள் தோசை, அதற்கடுத்த நாளும் தோசை.

மிஞ்சிய பருப்பிலும் வண்டு வருமுன் கொடுத்துவிடுவோம் என்று எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு கிலோ, கீழ்வீட்டு ராத்தாவுக்கு ஒரு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா வெறும் டப்பாவைத் திருப்பித் தருகிற ஆள் இல்லை. பின்னேரம் அவருடைய மகன் மணியடித்தான். திறந்து பார்த்தால் சுடச்சுடப் பருப்பு வடை, மேலே நாங்கள் போன கிழமை கொடுத்த செத்தல் மிளகாயும் தெரிந்தது. மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுக் கொப்பியை எடுத்து வரவுப் பக்கத்தில் எழுதினாள்: வடை 14.