ஷாட்கனுக்கு ஒளிக்குறி: கன்னத்திலிருந்து தொடங்கிய தேர்வு

என்னுடைய 12 கேஜ் பம்ப் ஷாட்கனில் குழலின் நுனியில் உள்ள பித்தளை மணியைத் தவிர வேறு குறி எதுவும் கிடையாது. சிறுரவைத் தோட்டாவுக்கு அதுவே போதும். ரவைகள் விரிந்து பரவுவதால் குறியில் ஏற்படும் சிறு பிசகு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஸ்லக் எனப்படும் ஒற்றைக் குண்டுத் தோட்டாவைச் சுடத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ள ஒரே ஈயக் குண்டு எங்கே போகிறது என்பதை அட்டையில் விழும் ஒற்றைத் துளை காட்டிவிடும். பின்குறி இல்லாத துப்பாக்கியில் பின்குறியின் வேலையைச் சுடுபவரின் கண்ணே செய்வதால், தோளில் ஊன்றும் பின்கட்டையில் கன்னம் படியும் இடம் சற்று உயர்ந்தாலும் குண்டு உயரப் போய்விடுகிறது. 50 மீட்டர் தொலைவில் என் துளைகள் மேலும் கீழுமாகவே சிதறின. பக்கவாட்டில் அவ்வளவு சிதறல் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறிவைக்கும் ஒளிக்குறி ஒன்றைப் பொருத்தலாம் என்ற எண்ணம் அந்த அட்டைகளைப் பார்த்துப் பிறந்ததுதான்.

கடைக்குப் போகும் முன் எதைச் சுடப் போகிறேன் என்பதை முடிவு செய்துகொண்டேன். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவதற்கு எனக்கு ஒளிக்குறி வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தில் கண் தட்டின் மீதே இருக்க வேண்டும். குறியைக் கவனிக்கத் தொடங்கிய கணத்தில் துப்பாக்கியின் வீச்சு நின்றுவிடும், தட்டு தப்பிவிடும். தவிர, ஐ.எஸ்.எஸ்.எஃப். எனப்படும் சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகள் ஷாட்கன் போட்டிகளில் உருப்பெருக்கும் கருவிகளையும் ஒளி உமிழும் கருவிகளையும் அனுமதிப்பதில்லை. ஐ.பி.எஸ்.சி. என்ற மற்றொரு சர்வதேச அமைப்பின் ஷாட்கன் போட்டிகளிலோ ஓப்பன் பிரிவில் அவற்றுக்கு இடம் உண்டு. என் தேவை அசையாத இலக்கு, 50 மீட்டருக்குள் ஸ்லக், அதைவிடக் குறைந்த தொலைவில் பெரிய ஈய ரவைகள் கொண்ட பெருரவைத் தோட்டா. இவ்வளவு தெளிவானதும் பாதி வகைகள் தாமாகவே விலகிவிட்டன.

உருப்பெருக்கும் ஸ்கோப் முதலில் விலகியது. குண்டைச் சுழலவைக்க உட்புறம் சுழல்வரி வெட்டிய குழலில், சபோ எனப்படும் கழன்று விழும் உறையுடைய ஸ்லக்கை 100 மீட்டரும் அதற்கு மேலும் சுடுபவர்களுக்கு அது சரியான கருவி; ஷாட்கனுக்கென்றே செய்யப்படும் ஸ்கோப்புகளில் கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போல் தெரியும் இடமாறு தோற்றப் பிழையைப் பெரும்பாலும் 75 கஜத்துக்குச் சரிசெய்து தருகிறார்கள். என்னுடையதோ வழவழப்பான குழல். பிரிசம் வகைக் குறியை மட்டும் சிறிது காலம் மனத்தில் வைத்திருந்தேன். அதன் குறிக்கோடுகள் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால் பேட்டரி தீர்ந்தாலும் தெரியும். ஆனால் அதில் கண் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில், பல மாடல்களில் மூன்று அங்குலம் அளவுக்குள், நிற்க வேண்டும். 12 கேஜ் ஸ்லக்கின் பின்னுதைப்பு சாதாரண வேட்டை ரைபிள்கள் பலவற்றைவிடக் கடுமையானது. அந்த உதைப்பில் பின்னோக்கி வரும் உலோக விளிம்புக்கு அவ்வளவு அருகில் புருவத்தை வைக்க நான் விரும்பவில்லை. கண்ணாடியில் ஒளிப்புள்ளி ஒன்றை மட்டும் காட்டும் ரெட் டாட் வகையில் இந்தக் கட்டுப்பாடே இல்லை. கண் எவ்வளவு பின்னால் இருந்தாலும் புள்ளி தெரியும்.

இங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது. எல்லோரும் கண்ணாடியின் தெளிவைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் பேசுகிறார்கள்; ஷாட்கனைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது உயரம் என்பது என் உறுதியான கருத்து. ஷாட்கனின் கட்டை, கன்னம் படிந்ததும் கண் குழலின் மேற்பரப்பை ஒட்டிப் பார்க்கும்படி தாழ்வாகச் செய்யப்பட்டது. ஏ.ஆர்.-15 போன்ற ரைபிளுக்கென்று உயர்த்திச் செய்த மவுண்டை, அதாவது குறியைத் தாங்கும் பிடிப்பை, அதன் மேல் வைத்தால், புள்ளியைக் காணத் தலையைத் தூக்க வேண்டியிருக்கும். கன்னம் கட்டையை விட்டு விலகித் தாடை மட்டுமே அதைத் தொடும். அந்த நிலையில் சுட்டால் வலிப்பது மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் தலை வெவ்வேறு இடத்தில் நிற்கும்.

ஆகவே நண்பர்களிடமும் விற்பனையாளரிடமும் இருந்த குறிகளை ஒரே முறையில் சோதித்தேன். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்து, பாதுகாப்பான திசையில் நீட்டி, கண்களை மூடிக்கொண்டு வழக்கம்போலத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் படியவிட்ட பிறகு கண்ணைத் திறப்பேன். புள்ளி குறியின் கண்ணாடிச் சட்டத்தின் நடுவே நின்றால் அந்த உயரம் எனக்குப் பொருந்துகிறது. புள்ளியைத் தேடிக் கழுத்து நீண்டால் பொருந்தவில்லை. பெயர் பெற்ற சில குறிகள் இதில் தேறவில்லை. குறியின் மீது தவறில்லை, மவுண்டின் உயரமே காரணம். துப்பாக்கியின் மேற்பகுதியில் ஏற்கெனவே துளையிட்டுத் திருகுமரை வெட்டியிருந்ததால், மவுண்டை மாட்டும் ரெயில் என்ற பட்டை இல்லாமல் மெல்லிய தகடு ஒன்றின் மேல் நேரடியாக அமரும் சிறிய குறியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அப்படி வழியில்லாதவர்கள் கட்டையின் மேல் கன்னத்துக்கான உயரத்திண்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். அது நல்ல தீர்வுதான்.

அடுத்தது என் கண். எனக்குச் சிலிண்டர் பவர் உண்டு. மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது வட்டமான புள்ளி ஓரத்தில் வால் முளைத்தது போல் இழுபட்டுத் தெரிந்தது. குறியில் குறையா, கண்ணில் குறையா என்று அறிய எளிய வழி உண்டு: கைபேசியில் அந்தப் புள்ளியைப் படமெடுத்துப் பார்க்கலாம், அல்லது அட்டையில் இட்ட ஊசித் துளை வழியாகப் பார்க்கலாம். இரண்டிலும் புள்ளி வட்டமாகவே இருந்தது. கண்ணாடி அணிந்து, புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்ததும் எனக்கும் சரியாகத் தெரிந்தது. புள்ளியைத் தேவைக்கு மேல் பிரகாசமாக வைப்பதுதான் பலர் முறையிடும் சிதறலுக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். 1 எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ. ஆகும், எனவே 6 எம்.ஓ.ஏ. புள்ளி 50 மீட்டரில் கிட்டத்தட்ட 8.7 செ.மீ. அகலத்தை மறைக்கும், 3 எம்.ஓ.ஏ. அதில் பாதியை மறைக்கும். பெரிய புள்ளி கண்ணுக்கு விரைவில் அகப்படும் என்றாலும், ஸ்லக்குக்காக 3 எம்.ஓ.ஏ. அளவையே எடுத்தேன். ஈஓடெக் ஹாலோகிராஃபிக் குறியின் 68 எம்.ஓ.ஏ. வளையம் பெருரவைக்கு மிக அழகாகப் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் லேசரால் இயங்கும் அவ்வகையின் பேட்டரி ஆயிரம் மணி நேர அளவில்தான் நிற்கும், எல்.இ.டி. குறிகளில் எய்ம்பாயிண்ட் மைக்ரோ டி-2 போன்றவற்றுக்கு 50,000 மணி நேரம் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். ஒளி உமிழும் பகுதி திறந்திருக்கும் குறியில் ஒரு மழைத்துளி விழுந்தாலே புள்ளி சிதைந்துவிடும் என்பதால் மூடிய வகையை விரும்பினேன். குறியைக் கழற்றாமல் பேட்டரியை மாற்ற முடிய வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. கழற்றி மாட்டினால் குறியைச் சரிபார்க்க மறுபடியும் சுட வேண்டியிருக்கும்.

பொருத்தும்போது திருகுகளில் இருந்த எண்ணெயைத் துடைத்தெடுத்து, பின்னால் கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசையைச் சிறிதளவு இட்டு, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தை முறுக்குமானியால் பார்த்தே இறுக்கினேன். அலுமினிய உடலில் கைப்பலத்தை நம்பினால் மரை அழிந்துவிடும்.

குறியைச் சரிசெய்ய 15 மீட்டரில் தொடங்கி, துளைகள் அட்டையின் நடுவுக்கு வந்ததும் 50 மீட்டருக்கு நகர்ந்தேன். அங்கே குறியின் திருத்தத் திருகில் ஒரு சொடுக்கு, அதாவது 1 எம்.ஓ.ஏ., துளையை ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. நகர்த்தும். ஒரே ஒரு துளையைப் பார்த்துத் திருகாமல், மும்மூன்றாகச் சுட்டு அவற்றின் மையத்தைக் கொண்டே திருத்தினேன். ஸ்லக்கின் பிராண்டை மாற்றினால் விழும் இடமும் மாறுவதால் ஒன்றையே தேர்ந்து அதிலேயே நின்றேன். அதன் பிறகு பெருரவையை 25 மீட்டரில் சுட்டபோது பரவலின் மையம் புள்ளிக்குச் சற்றுக் கீழே அமைந்தது. குறியை அதற்காக மாற்றாமல், அந்த வித்தியாசத்தைத் தோட்டாப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். மவுண்ட் தாழ்வாக அமைந்ததால் சட்டத்தின் அடிப்பகுதி வழியாகப் பழைய பித்தளை மணியும் தெரிகிறது, ஆகவே பேட்டரி தீர்ந்தாலும் அருகிலுள்ள இலக்கை அதைக் கொண்டே சுடலாம்.